காலியாகப் போன தூக்குச்சட்டி

ஏப்ரல் 27

எட்டாம் வகுப்பின் கடைசி நாளில் பரிமளா டீச்சர் சொன்னார்: "லீவுல ஏதாவது ஒண்ண தினமும் கவனிச்சு எழுதிட்டு வாங்க. கொசு, மேகம், எதுவா இருந்தாலும் சரி." வகுப்பில் பாதிப் பேர் கொசுவை எடுத்துக்கொண்டார்கள். நான் வெயிலைத் தேர்ந்தெடுத்தேன். வேலூர்ப் பக்கம் மே மாதத்தில் கவனிப்பதற்கு அதைவிடப் பெரிய பொருள் கிடைக்காது. தேடிப் போகவும் வேண்டாம். அதுவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆராய்ச்சி நடக்கும் இடம்: காட்பாடியில் எங்கள் கட்டடம். தரைத்தளம், நடுமாடி, மேல்மாடி என்று ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றே வீடுகள். நாங்கள் மேல்மாடி. எங்களுக்கு மேலே மொட்டை மாடி, அதற்கு மேலே சூரியன். இடையில் வேறு யாரும் இல்லை.

இன்று கவனித்தவை: சாமி அலமாரியில் நின்றிருந்த மெழுகுவத்தி வணக்கம் சொல்வதுபோல் வளைந்துவிட்டது. அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு சாம்பாருக்குள் விழுந்து அப்பாவின் தட்டில் கண்டெடுக்கப்பட்டது. குழாயில் வரும் தண்ணீரில் டீ போடலாம் என்று அப்பா சொன்னார்.

அப்பா பஸ் கண்டக்டர். ஊரெல்லாம் வெயிலில் சுற்றிவிட்டு வருபவரே எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும், "இது வீடில்ல மங்கை, தோசக்கல்லு," என்று அம்மாவிடம் சொல்கிறார். இன்று கூடவே, "ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள வேற வீடு பாத்துடலாம். காந்தி நகர்ல ஒண்ணு இருக்குதாம். மேல இன்னொரு மாடி இருக்கற வீடு," என்றார்.

அம்மா கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டே, "பாருங்க," என்றாள்.

எனக்கு இதில் கருத்து ஒன்றும் இல்லை. ஆராய்ச்சி செய்பவள் எந்த வீட்டிலும் ஆராயலாம். அந்த வீட்டின் தரைத்தளத்தில் கிளாரா இருக்க மாட்டாள் என்பது வேறு விஷயம்.

ஏப்ரல் 28

கிளாராவைப் பற்றி எழுத வேண்டும். என் வகுப்பு, என் பெஞ்சு. எங்கள் கட்டடத்திலேயே தரைத்தளத்தில் இருக்கிறாள். ஆனால் இரண்டு வருடமாக நான் அவள் வீட்டுக்குள் போனதில்லை, அவளும் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. என் அம்மாவுக்கும் அவள் அம்மா ரெஜினா அத்தைக்கும் பேச்சில்லை, அவ்வளவுதான். ஆகவே எங்கள் போக்குவரத்து எல்லாம் கூடை வழியாக.

காய்கறி வண்டி வரும்போது காசு போட்டு இறக்குவதற்காகப் பால்கனியில் கயிறு கட்டிய கூடை ஒன்று உண்டு. கரண்டியால் பால்கனிக் கம்பியைத் தட்டினால் கூடை வருகிறது என்று அர்த்தம். நூலகத்தில் தென்துருவப் பயணம் பற்றி ஒரு தடிப் புத்தகம் எடுத்தோம். காலையில் நான் படிப்பேன், மதியத்துக்கு மேல் அவள். இப்போது மேல்மாடி எங்கள் பனி முகாம், தரைத்தளம் எங்கள் கப்பல். இன்று பதினோரு மணிக்குக் கரண்ட் போனபோது, "கடும் பனிப்புயல். நாய்கள் சோர்ந்துவிட்டன," என்று எழுதிக் கூடையில் அனுப்பினேன். "கப்பலில் எலுமிச்சம்பழம் தீர்ந்துவிட்டது. கேப்டன் வேர்க்குருவால் அவதிப்படுகிறார்," என்று பதில் வந்தது.

முகாமுக்கும் கப்பலுக்கும் நடுவில் ஓர் ஆபத்து இருக்கிறது. அவர் பெயர் வேதமூர்த்தி. ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர் என்பதால் எல்லோரும் டிடிஆர் மாமா என்கிறோம். அவர் மனைவி மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போயிருக்கிறார். மாமா தலையில் ஈரத்துண்டோடு நாளெல்லாம் பால்கனி நாற்காலியில் இருப்பார். கூடை அவரைத் தாண்டும்போது கையை நீட்டிக் கயிற்றைப் பிடித்துவிடுவார்.

"நில்லு நில்லு. இன்னா வண்டி இது? டிக்கெட் இருக்குதா?"

"மாமா, விடுங்க மாமா."

"டிக்கெட் இல்லாத பயணம். அபராதம் கட்டிட்டுப் போ."

கூடையில் முறுக்கு இருந்தால் ஒன்று, பிஸ்கட் இருந்தால் ஒன்று. புத்தகம் மட்டும் இருந்தால் நாலு பக்கம் படித்துவிட்டுத்தான் விடுவார்.

ஏப்ரல் 30

நூற்றாறு டிகிரி என்று பேப்பரில் போட்டிருக்கிறது. அப்பா ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கினார். எழுந்தபோது துண்டு அப்பளமாகியிருந்தது.

மே 2

வீடு ஏன் இவ்வளவு சுடுகிறது என்பதற்கு அறிவியல் காரணம் ஒன்று உண்டு, அறிவியல் அல்லாத காரணம் ஒன்றும் உண்டு. முதலாவது: கான்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடித்து ராத்திரி முழுக்கத் துப்புகிறது. சாயங்காலம் மொட்டை மாடியில் நாலு வாளி தண்ணீர் ஊற்றினால் வீடு பாதிக்குப் பாதி குளிர்ந்துவிடும். மேல்மாடிக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

எங்கள் வீட்டில் செய்வதில்லை. இரண்டாவது காரணம் அதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் இதே மே மாதத்தில் ரெஜினா அத்தை மொட்டை மாடியில் கூழ் வடகம் பிழிந்து காயப் போட்டிருந்தார். விடியற்காலையில் எழுந்து, கூழ் கிளறி, அம்மாவும் கூட உட்கார்ந்து பிழிந்ததுதான். மதியம் அத்தை ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டுத் திரும்பத் தாமதமாகிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் கரண்ட் இல்லை. எடுத்து வைத்திருப்பார் என்று நினைத்து அம்மா இருட்டில் வழக்கம்போல் வாளி வாளியாக ஊற்றிவிட்டாள். வடகம் மறுபடியும் கூழாகிவிட்டது.

"கண்ணு இன்னா பொடனிலயா இருக்குது?" என்று அத்தை கேட்டார். "மாடி இன்னா உங்க பேர்லயா எழுதியிருக்குது?" என்று அம்மா கேட்டாள். அதற்கப்புறம் இருவரும் சொன்னவற்றை டீச்சர் படிக்கப்போகும் நோட்டில் எழுத முடியாது. கடைசியில் அம்மா, "இனிமே அந்த மாடில ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தினேன்னா என்னான்னு கேளு," என்றாள். அத்தை, "இனிமே அந்தப் படி ஏறினேன்னா என்னான்னு கேளு," என்றார்.

இருவரும் சொல் தவறாதவர்கள். மொட்டை மாடி இரண்டு வருடமாகச் சும்மா கிடக்கிறது. எங்கள் வீட்டில் குளிர்ச்சி இல்லை, அவர்கள் வீட்டில் வடகம் இல்லை. காக்காய்கள்தான் அங்கே கூட்டம் போடுகின்றன. பகலில் அவையும் வருவதில்லை, கால் சுடும்.

மே 4

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். கிளாராவிடமிருந்து ஐஸ் வாங்கத் தீர்மானித்தேன். எங்கள் ஃபிரிட்ஜ் வோல்டேஜ் குறைவால் மூச்சு மட்டும் வாங்குகிறது, ஐஸ் கட்டுவதில்லை. கிண்ணத்தில் வாங்கினால் மேலே வருவதற்குள் உருகிவிடும். கனமான மூடியுள்ள பாத்திரம் வேண்டும் என்று யோசித்துப் பரண் மேல் தேடினேன். பழைய பேப்பர் சுற்றிய எவர்சில்வர் தூக்குச்சட்டி ஒன்று கிடைத்தது. நல்ல கனம், இறுக்கமான மூடி. துடைத்து, கூடையில் வைத்து, கரண்டியைத் தட்டி இறக்கினேன்.

மாமா கயிற்றைப் பிடித்து மூடியைத் திறந்து பார்த்தார். "காலி வண்டி. போ போ."

அப்போது எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

மே 5

இன்று நடந்தது அதிகம். வரிசையாக எழுதுகிறேன்.

நேற்று தூக்கு உடனே மேலே வரவில்லை. காலையில் கிளாரா பால்கனியிலிருந்து அண்ணாந்து, கையைக் குவித்து, கிசுகிசுப்பாகக் கத்தினாள்.

"எங்கம்மா அந்தத் தூக்கப் பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டாங்கடி."

"ஏன்?"

"தெரில. 'காலியாவே குடுத்தனுப்பிட்டாளா'ன்னு கேட்டாங்க. நீங்க வீடு மாறப்போறீங்கன்னு சொன்னேன். அதுக்கப்புறம் மூக்க உறிஞ்சிக்கினே இருந்தாங்க. சளி பிடிச்சிருக்கும்னு நெனைக்கிறேன்."

"அக்னி நட்சத்திரத்துலயா?"

"அதான்டி எனக்கும் புரில."

பதினொரு மணிக்குத் தூக்கு மேலே வந்தது. உள்ளே ஐஸ், ஐஸின் மேல் தோல் சீவிய நுங்கு. நான் அதைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு ஸ்பூன் தேடப் போனேன். திரும்பி வந்தபோது அம்மா தூக்கைக் கவிழ்க்காமல் தலைக்கு மேல் தூக்கி அதன் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடியில் 'ரெஜினா' என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. நான் அதுவரை கவனிக்கவில்லை. ஆராய்ச்சி செய்பவளுக்கு இது அழகல்ல.

"இத எங்கருந்து எடுத்த?"

"பரண்லருந்து."

"காலியாவா அனுப்பின?"

"ஐஸ் வாங்கறதுக்குக் காலியாத்தானம்மா அனுப்பணும்."

அம்மா மேடை மேல் கையை ஊன்றிக்கொண்டாள். "ரெண்டு வருஷமா அது ஏன் பரண் மேல கெடக்குதுன்னு நெனச்ச? கிறிஸ்மஸுக்கு பாயசம் வந்த தூக்குடி அது. வந்த பாத்திரத்த வெறுமனே திருப்பித் தர முடியுமா? எதையாவது போட்டுக் குடுக்கலாம்னு இருந்தேன். இன்னைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போச்சு. அதுக்குள்ள வடகம் வந்துடுச்சு. சண்ட போட்டவளுக்குப் போட்டும் குடுக்க முடியாது, வெறுமனேயும் குடுக்க முடியாது. அதான் மேல ஏத்தி வெச்சேன். நீ கயிறு கட்டி எறக்கிட்டயே. இனிமே உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்லன்னு சொன்ன மாதிரி ஆயிடுச்சே."

"நான் சொல்லலியே, தூக்குதானே போச்சு."

"தூக்கு போனா நான் போன மாதிரி."

நுங்கைத் தான் தொடப்போவதில்லை என்று அம்மா அறிவித்தாள். நான் பாதி சாப்பிட்டு, மீதியை மூடி வைத்துவிட்டுக் கொஞ்சம் படுத்தேன். எழுந்து பார்த்தபோது தூக்கு கழுவிக் கவிழ்த்திருந்தது. வெப்பத்தில் நுங்கு ஆவியாகுமா என்று டீச்சரிடம் கேட்க வேண்டும்.

மே 6

அம்மா கம்பங்கூழ் கரைத்து, மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, தூக்கை விளிம்பு வரை நிரப்பினாள். மேலே ஒரு கிண்ணத்தில் மோர் மிளகாய்.

"அத்தைக்கா?" என்றேன்.

"அவளுக்கு எதுக்கு? தூக்குக்கு. பாத்திரத்துக்கு ஒரு மரியாத இருக்குதில்ல. இதோட கணக்கு முடிஞ்சுது."

மே 7

முடியவில்லை. அம்மாவின் மோர் மிளகாய்க் கிண்ணம் கீழே தங்கிவிட்டதல்லவா? அதில் எலுமிச்சை ஊறுகாயோடு மேலே வந்தது. ஊறுகாயின் மேல் ஒரு சின்ன மூடி. அந்த மூடி அவர்களுடையது.

மே 9

மூடியில் புளியோதரை போனது. புளியோதரைக்குத் தொட்டுக்கொள்ளத் தனியாக ஒரு டப்பாவும் போனது. டப்பா எங்களுடையது. யாரும் யாரிடமும் பேசவில்லை.

மாமா இரண்டு நாளாகச் சமைப்பதே இல்லை. அபராதத்திலேயே வயிறு நிறைந்துவிடுகிறதாம்.

மே 11

டிடிஆர் மாமாவின் நடவடிக்கையில் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். இன்று காலை கூடையை நிறுத்தி, "நேத்து மூணு மணி பாசஞ்சர்ல போச்சே மாங்கா தொக்கு, அதுல உப்பு கம்மி. உங்கம்மா கிட்ட சொல்லு," என்றார்.

நாங்கள் மூன்று மணிக்குக் கூடை விடுவதே கிடையாது. மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கட்டாயத் தூக்கம் என்பது அம்மாவின் சட்டம். கிளாராவைக் கேட்டேன். அவள் வீட்டிலும் ஒரு வாரமாக அதே சட்டமாம். தூங்காவிட்டால் அவள் அம்மா கதவை வெளியே தாழ் போட்டுவிடுகிறாராம்.

அம்மாவிடம் சொன்னேன். "அவருக்கு வெயில் தலைக்கு ஏறிடுச்சு," என்றாள் அம்மா, தொக்கு ஜாடியை அலமாரிக்குள் தள்ளியபடி. நான் வெட்டி ஒட்டி வைத்திருக்கும் பேப்பர்ச் செய்தியிலும் அதிக வெப்பத்தால் மனக்குழப்பம் வரும் என்று இருக்கிறது. மாமாவைக் கூர்ந்து கவனிக்க முடிவு செய்தேன்.

மே 13

காந்தி நகர் வீடு அமைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கொடுத்துச் சாவி வாங்குகிறோம் என்று அப்பா சொன்னார். "ஃபேன் காத்து ஜில்லுனு வருது மங்கை. படுத்தே பாத்துட்டேன்." அம்மா கீழே இருந்து வந்த எங்கள் டப்பாவைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது ஏற்கனவே காய்ந்திருந்தது.

கூடையில், "முகாம் கலைக்கப்படுகிறது. ஞாயிறு," என்று எழுதி அனுப்பினேன். ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது. "கப்பல் நகராது," என்று மட்டும் இருந்தது.

எனக்குக் கருத்து ஒன்றும் இல்லை. கண்ணில் வியர்வை இறங்கினால் எரிகிறது. புருவம் வியர்வையைத் தடுக்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. என் புருவம் சரியில்லை.

மே 14

பயமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. எல்லாவற்றையும் எழுதிவிட்டால் அடங்கும்.

மதியம் ஒரு மணி. கரண்ட் இல்லை. அம்மா சுட்ட முறுக்கைக் கூடையில் வைத்து இறக்கினேன். கூடை நேராகக் கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தது. கீழே கிளாரா எண்ணிப் பார்த்தாள்.

"அறிவு, எல்லாம் அப்படியே இருக்குதுடி."

"எது?"

"முறுக்கு. மாமா எடுக்கல."

என் முழுப் பெயர் அறிவுச்செல்வி. கிளாரா 'அறிவு' என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்கு அது இருப்பது போலவே தோன்றும். உடனே பால்கனியில் பாதி உடம்பு வெளியே தொங்க எட்டிப் பார்த்தேன். மாமா நாற்காலியில்தான் இருந்தார். கை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. தலைத்துண்டு காய்ந்து கிடந்தது. "மாமா," என்றேன். "மாமா, டிக்கெட்," என்றேன். அசையவில்லை.

நான் படியில் இறங்க, கிளாரா படியில் ஏற, நடுமாடி வாசலில் இரண்டு பேரும் முட்டிக்கொண்டோம். காற்றுக்காக மாமா கதவைச் சாத்துவதே இல்லை. உள்ளே ஓடினோம். உடம்பு தோசைக்கல் போலச் சுட்டது. வியர்வையே இல்லை. கண்ணைப் பாதி திறந்து, "இது எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டார்.

"காட்பாடி மாமா," என்றாள் கிளாரா.

"அப்ப நான் எறங்கணுமே," என்று எழப் பார்த்தார்.

வெப்பத்தாக்கு. பேப்பரில் இருந்தது அத்தனையும் வரி வரியாகக் கண்முன் வந்தது. நான் "அம்மா" என்று மேலே பார்த்துக் கத்தினேன், கிளாரா "அம்மா" என்று கீழே பார்த்துக் கத்தினாள். மேலிருந்து என் அம்மா வாளித் தண்ணீரோடு வந்தாள். கீழிருந்து ரெஜினா அத்தை ஐஸ் தட்டுகளோடு வந்தார். இருவரும் மாமாவின் இரண்டு பக்கமும் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"சார், அவங்கள கால் பக்கம் பிடிக்கச் சொல்லுங்க. கீழ படுக்க வெக்கணும்," என்றாள் அம்மா, மயக்கத்தில் இருந்த மாமாவிடம்.

"சார், நான் பிடிச்சிட்டுதான் இருக்கேன். அவங்க தலையப் பிடிக்கட்டும்," என்றார் அத்தை.

மாமாவைத் தரையில் படுக்க வைத்தார்கள். கிளாரா 108-க்குப் போன் செய்தாள். அத்தை ஐஸைத் துணியில் சுற்றி அவர் கழுத்திலும் அக்குளிலும் வைத்தார். நான் பேப்பரால் விசிறினேன். அம்மா மோர் கொடுக்கப் பார்த்தாள். "நெனவு சரியா இல்லாதவங்களுக்குக் குடிக்கக் குடுக்கக் கூடாதும்மா, மூச்சுக்குழாய்ல போயிடும்," என்றேன். அம்மா கேட்டுக்கொண்டாள். அவள் என் பேச்சைக் கேட்ட நாள் என்று இதைக் குறித்து வைக்கிறேன்.

"ஒடம்ப நனைக்கணும், தண்ணி ஊத்தணும்," என்றும் சொன்னேன்.

அம்மா வாளியைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். ஏன் என்று எனக்கு முதலில் புரியவில்லை. அத்தையின் கண் எதிரே வாளியும் கையுமாக இதற்கு முன் அவள் எப்போது நின்றாள் என்று யோசித்தபோதுதான் புரிந்தது.

அத்தை நிமிர்ந்து, இரண்டு வருடத்தில் முதல்முறையாக அம்மாவை நேராகப் பார்த்தார்.

"ஊத்து மங்கை. என் வடகத்து மேல மட்டும் அப்படி ஊத்தத் தெரிஞ்சுதில்ல? இப்ப ஊத்து."

அம்மா ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே அவளுக்கு அழுகை வந்தது. பாதியில் அது சிரிப்பாக மாறிவிட்டது. அத்தைக்கும் அதே வியாதி. இரண்டு பேரும் மாமாவைத் துடைத்துக்கொண்டே, கண்ணையும் துடைத்துக்கொண்டே, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். "வாய மூடுடி, மனுஷன் உயிருக்குப் போராடறாரு," என்றாள் அம்மா. "நீ மூடுடி," என்றார் அத்தை. ஆம்புலன்ஸ்காரர்கள் வாசலில் நின்று இதைப் பார்த்தது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

இருவரும் ஆம்புலன்சில் மாமாவோடு போனார்கள். சாயங்காலம் திரும்பி வந்தார்கள். ஒரே ஆட்டோவில்.

மே 15

மாமா தேறிவிட்டார். இன்னும் இரண்டு மூன்று நாள் வைத்திருப்பார்களாம். கொஞ்சம் தாமதமாகியிருந்தாலும் ஆபத்து என்று டாக்டர் சொன்னாராம். "யாரு கவனிச்சது?" என்று டாக்டர் கேட்டதற்கு அத்தை, "முறுக்கு," என்று பதில் சொன்னாராம்.

ஆனால் அம்மாவும் அத்தையும் இன்று பேசிக்கொள்ளவில்லை. அது ஆபத்துக் காலம், கணக்கில் வராது போலிருக்கிறது. அப்பா பீரோவிலிருந்து துணிகளை எடுத்து அட்டைப்பெட்டியில் போட ஆரம்பித்துவிட்டார்.

மே 16

காலையில் ஒரு விஷயம் கவனித்தேன். கீழே இருந்து வந்த சாமான் எதுவும் மேலே பாக்கி இல்லை, எங்களுடையது எதுவும் கீழே இல்லை. எப்போது திரும்பி வந்ததோ, தூக்கு மட்டும் மறுபடி எங்கள் மேடையில் இருந்தது. அம்மா அதன் எதிரே இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். நாளை ஞாயிறு. அதற்குள் இதை அனுப்பியாக வேண்டும்.

நான் கூழோ புளியோதரையோ போகும் என்று எதிர்பார்த்தேன். அம்மா ஜவ்வரிசி டப்பாவைத் திறந்து, அப்படியே பச்சையாகத் தூக்கு நிறையக் கொட்டினாள். மேலே கொஞ்சம் சீரகம். ஓரத்தில் இரண்டு பச்சை மிளகாய். மூடினாள்.

"சமைக்காமலா?" என்றேன்.

"எறக்கு," என்றாள்.

இறக்கினேன். கயிற்றைப் பிடிக்க நடுமாடியில் யாரும் இல்லாதது ஒரு மாதிரியாக இருந்தது. கீழே அத்தையே வந்து கூடையை எடுத்தார். மூடியைத் திறந்து பார்த்தார். அண்ணாந்தார். அம்மா பால்கனியில் என் பின்னால் துணி காயப் போடுகிறவள்போல நின்றிருந்தாள். கையில் துணி இல்லை.

"ஊற வெக்கவா?" என்று கேட்டார் அத்தை.

"வெக்கறத விட்டுட்டு எதுக்குக் கேக்கற?"

"விடியக்காலைல ஏறி வருவேன். கூழ் பதம் தப்பினா என்னச் சொல்லக் கூடாது."

"என்னைக்கு உனக்குப் பதம் வந்துது?"

இதுதான் முழு உரையாடல். நானும் கிளாராவும் கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் குதித்தோம்.

மே 17, ஞாயிறு

தென்துருவப் புத்தகத்தில் இதற்கு இணையான நாள் ஒன்றும் இல்லை.

விடிவதற்கு முன் ரெஜினா அத்தை படி ஏறினார். மொட்டை மாடிக் கடைசிப் படியில் நின்று, வலது காலை வைப்பதா இடது காலை வைப்பதா என்று பார்த்தார். "கல்யாணப் பொண்ணாட்டம் நிக்காத, கூழ் கட்டிப்படுது," என்றாள் அம்மா. பழைய வேட்டியை விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, அத்தை கரண்டியால் வட்ட வட்டமாக ஊற்ற, அம்மா கூழ் வடகத்தை அச்சில் பிழிந்தாள். உடன்படிக்கையும் ஆயிற்று: பகல் வடகத்துக்கு, சாயங்காலம் எடுத்த பிறகு தண்ணீருக்கு. எடுத்தாயிற்று என்று அத்தை வாயால் சொல்லாமல் அம்மா வாளியைத் தொடக் கூடாது.

எங்களுக்குக் காக்காய் விரட்டும் வேலை. மாடிப்படிக் கூரை நிழலில் உட்கார்ந்து, ஒரு பானைத் தண்ணீரும் உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸும் வைத்துக்கொண்டு, சத்தமாகப் புத்தகம் படித்தோம். தலையில் ஈரத்துண்டு, மாமாவின் நினைவாக. கேப்டன் பனிக்கட்டியில் சிக்கிய இடத்தில் கிளாரா, "எனக்கே குளிருதுடி," என்றாள்.

உண்மையிலேயே குளிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தால் மேற்கே வானம் கருத்திருந்தது. அடித்த காற்றில் செங்கல் இல்லாமல் இருந்திருந்தால் வேட்டி ஆந்திராவுக்குப் போயிருக்கும். முதல் சொட்டு என் மூக்கில் விழுந்தது.

"மழை," என்று கத்தினேன். "அம்மா, வடகம்."

அம்மா படியேறி வந்த வேகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. பின்னாலேயே அத்தை. அம்மா வேட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள், அத்தை மறுபக்கம். நாங்கள் மற்ற இரண்டு மூலைகள். பாதி காய்ந்த வடகம் சரியாமல் கல்யாணப் பந்தல்போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நால்வரும் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தோம். மழை பெரிதாகிவிட்டது. அம்மா தன் புடவைத் தலைப்பை விரித்து வடகத்தின் மேல் போட்டு, அதன் மேல் தானும் குனிந்துகொண்டாள். முதுகெல்லாம் மழை.

"மங்கை, நீ நனையறடி."

"நான் நனஞ்சா காயுவேன். இது நனஞ்சா நீ இன்னும் ரெண்டு வருஷம் பேச மாட்ட."

அத்தைக்குச் சிரிப்பில் பிடி நழுவப் பார்த்தது. எப்படியோ எங்கள் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து, அப்பா அடுக்கி வைத்திருந்த அட்டைப்பெட்டிகளின் மேல் வேட்டியை விரித்தோம். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நனைந்திருந்தது.

அப்போது அப்பா காக்கிச் சட்டையோடு சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். ஒரு கையில் போன். "மங்கை, கெளம்பு. காந்தி நகர் வீட்டுக்காரர் லைன்ல இருக்காரு. அட்வான்ஸுக்குக் காத்துக்கினு இருக்காராம்." பிறகுதான் பெட்டிகளைப் பார்த்தார். வடகத்தைப் பார்த்தார். வடகத்துக்குப் பக்கத்தில் தலை துவட்டிக்கொண்டிருந்த ரெஜினா அத்தையைப் பார்த்தார்.

"பாதி காஞ்ச வடகத்த விட்டுட்டு எங்க வரது?" என்றாள் அம்மா.

"இன்னும் ரெண்டு வெயில் வேணும், அண்ணா, இதுக்கு," என்றார் அத்தை.

"ரெண்டு நாள் தானே, அதுக்கப்புறம்…"

"அதுக்கப்புறம் தக்காளி வடகம்," என்றாள் அம்மா. "அதுக்கப்புறம் மோர் மிளகா. அதுக்கப்புறம் மாங்கா வத்தல். தெனமும் சாயங்காலம் மாடிக்குத் தண்ணி ஊத்திடறேன். வீடு சில்லுனு இருக்கும். மேல மாடி இருக்கற வீட்டுல வடகம் எங்க போடறது, ஃபேன்லயா?"

அப்பா எங்கள் எல்லோரையும் பார்த்தார். நான் எனக்குக் கருத்து ஒன்றும் இல்லாததுபோல் நின்றேன். ஆனால் கிளாராவின் கையை எதற்கோ இறுக்கிப் பிடித்திருந்தேன், அவள் "வலிக்குதுடி," என்றாள். அப்பா போனைக் காதில் வைத்தார்.

"சார், வீடு வேணாம் சார். இல்ல சார், வாடகையெல்லாம் ஓகே. அது ஒரு வடகம் சார். வடகம். இல்ல சார், வடக்கு இல்ல, வாஸ்துல்லாம் ஒண்ணுமில்ல. சாப்பிடற வடகம் சார்."

எல்லோரும் தரையில் விழுந்து சிரித்தோம். கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. இரண்டு வருடம் கழித்து மே மாதத்தில் எங்கள் மொட்டை மாடி நனைந்தது. அம்மா ஒரு வாளிகூடத் தூக்கவில்லை.

மே 18

வெயில் திரும்பிவிட்டது, வடகமும் மாடிக்குத் திரும்பிவிட்டது. மாமாவும் வீட்டுக்கு வந்துவிட்டார். வந்ததும் பால்கனிக்குப் போகப் பார்த்தார். அத்தை நாற்காலியைக் கூடத்தில் ஃபேனுக்கு அடியில் போட்டு உட்கார வைத்து, பக்கத்தில் தண்ணீர்ச் செம்பை வைத்தார். கயிறு சன்னலுக்கு எட்டுகிற மாதிரி கூடையின் பாதையை நாங்கள் மாற்றிக் கொடுத்தோம். "பதினாலாந்தேதி மதியம் ஒரு முறுக்கு வண்டி நிக்காம போயிருக்குது," என்றார் மாமா. "அபராதம் ரெட்டிப்பு."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாங்கள் கீழே போனோம், படி வழியாக. அத்தை பிரியாணி செய்திருந்தார். திரும்பும்போது அம்மா கையில் தூக்கைக் கொடுத்தார். உள்ளே பாயசம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா சமையலறையிலிருந்து கூப்பிடுகிறாள். தூக்கைக் கழுவி வைத்துவிட்டாள். காலையில் அதில் என்ன போட்டு அனுப்பலாம் என்று என் கருத்து வேண்டுமாம்.